காவல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அப்பாவின் நினைவு மலரை எப்படி எழுதுவது?

கேள்வி: புதுப்பேட்டை காவலர் குடியிருப்பில் வளர்ந்தவர், இப்போது கொளத்தூர்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1974ஆம் ஆண்டு சென்னை மாநகரக் காவல் துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2010இல் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். சென்ற ஐப்பசியில் காலமானார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் அவருடைய வாழ்க்கையை ஒரு சிறு மலராக அச்சிட்டு, உறவினர்களுக்கும் அவருடன் பணியாற்றியவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அம்மாவும் தம்பியும் நானும் விரும்புகிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

ஓய்வுக்குப் பிந்தைய அப்பாவைப் பற்றி என்னால் பக்கம் பக்கமாக எழுத முடியும். உறவில் எந்தக் கல்யாணமாக இருந்தாலும் முகூர்த்தத்துக்கு முதல் ஆளாகப் போய், கடைசிப் பந்தி எழுந்து இலை எடுக்கும் வரை இருந்துவிட்டுத்தான் வருவார். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும், பணப்பையைத் தொலைத்தவர் முதல் பட்டா மாற்றத்துக்கு அலைகிறவர் வரை, எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். நிலையத்தில் பல ஆண்டுகள் பதிவேடுகளை எழுதும் ரைட்டராக இருந்தவர் என்பதால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். தினமும் இரவு ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றைய வீட்டு நடப்பை மணிக்கணக்கோடு எழுதி வைப்பார். “காலை 6.10: பால் பெறப்பட்டது. 7.35: பேரன் பள்ளிக்குப் புறப்பாடு. 11.00: மின்கட்டணம் செலுத்தப்பட்டது, ரசீது அலமாரியில். 16.20: பேரன் வீடு திரும்பினான், முழங்காலில் சிராய்ப்பு, மருந்து இடப்பட்டது” என்று போகும் அந்த நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன.

பணியில் இருந்த காலத்தைப் பற்றித்தான் என்னிடம் ஏதும் இல்லை. “டூட்டி விஷயம் வாசலோடு சரி” என்பது அவர் கொள்கை. நாங்கள் கேட்டாலும் சொன்னதில்லை. அம்மாவிடமும் அதிகம் பேசியதில்லை. குடும்ப ஆல்பத்தில் அவர் இருக்கும் படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தம்பி பிறந்தபோது அவர் இல்லை. தாத்தா இறந்தபோது எடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தார். நான் பெரிய மனுஷியானபோது தாய்மாமாதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். தீபாவளி, பொங்கல், ஆங்கிலப் புத்தாண்டு இரவு, மயிலாப்பூர் அறுபத்து மூவர், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழா என்று ஊரே கூடும் நாட்களில் எல்லாம் எங்கள் வீட்டில் அவர் இருந்ததில்லை. எனக்குத் திருமணமாகி முதல் முறையாக என் கணவர் குடும்பத்தார் எல்லோரையும் விருந்துக்கு அழைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும், மேலே போட்ட சட்டையோடு காலையிலேயே ஓடினார்.

கடமை தவறாதவர், நேர்மையானவர், அன்பான தந்தை என்று எழுதலாம். எல்லா நினைவு மலர்களிலும் அதுதான் இருக்கிறது, அவை எவருக்கும் பொருந்தும். என் அப்பாவுக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்றை நான் எழுத விரும்புகிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் வெளியில் இருந்த ஒருவரின் வாழ்க்கையை வீட்டில் இருந்தவர்கள் எப்படி எழுதுவது? காவலர் குடும்பத்தினரும் துறையில் இருந்தவர்களும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர், அயனாவரம்

அம்மா, உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி. எந்த ஆண்டில், எந்த நிலையில் சேர்ந்தார் என்று நீங்கள் சொன்னதைப் படித்தவுடனேயே அவருடைய பணிக்காலத்தின் வடிவம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நேரடி உதவி ஆய்வாளராகச் சேர்ந்தவன் என்றாலும், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் உங்கள் அப்பாவைப் போன்ற ஏட்டையாக்கள்தாம் என்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆல்பத்தில் அப்பா இல்லை என்று நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். மலரை அங்கிருந்தே தொடங்குங்கள் என்பது என் யோசனை. அவர் வீட்டில் இல்லாமற்போன நாட்களை அம்மாவிடம் கேட்டு, இயன்றவரை தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ் என்று வீட்டில் இருக்கும் காகிதங்களே பல தேதிகளைக் கொடுத்துவிடும். பிறகு அந்தத் தேதிகளில் இந்த நகரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். எழும்பூர் கன்னிமாரா பொது நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேட்டால், அன்றைய தினமும் அடுத்த நாளும் வந்த செய்திகளைப் படிக்கலாம். உங்கள் வீட்டில் அவர் இல்லாத நாளையும் நகரத்தில் அவர் நின்ற இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவர் சொல்லாமல் விட்டதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

1974இல் சேர்ந்தவர் என்றால், பயிற்சி முடிந்து ஆயுதப்படைக்கு வந்த புதிதிலேயே 1975 அக்டோபர் 2 அன்று காமராஜர் மறைந்திருப்பார். ராஜாஜி மண்டபத்தில் அஞ்சலி செலுத்த வந்த மக்களுக்கு வரிசை கட்டியவர்களிலும், கிண்டி வரை இறுதி ஊர்வலத்துக்கு வழி அமைத்தவர்களிலும் ஆயுதப்படையின் இளம் காவலர்கள் ஏராளம். நீங்கள் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை விருந்து எந்த ஆண்டு என்று எழுதவில்லை. அது 2004 டிசம்பர் 26ஆக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று காலை ஒன்பது மணி அளவில் சுனாமியில் கடல் மெரினாவுக்குள்ளும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குள்ளும் வடசென்னைக் குப்பங்களுக்குள்ளும் புகுந்தது. சென்னையில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓய்வு நாள், இரவுப் பணி முடித்தவர், மருத்துவ விடுப்பு என்ற வேறுபாடு பார்க்காமல், செய்தி கேட்டவர் கேட்ட உடையிலேயே கரைக்கு வந்தார்கள். மணலில் கிடந்தவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியதோடு அந்தப் பணி முடிந்துவிடவில்லை. அடையாளம் காட்ட வந்த குடும்பங்களோடு நின்றது, விசாரணை அறிக்கை எழுதியது, ஆளில்லாத குடிசைகளுக்குக் காவல் இருந்தது, நான்கு நாள் கழித்து டிசம்பர் 30 அன்று மீண்டும் அலை வருகிறது என்ற எச்சரிக்கை பரவி ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடியபோது நெரிசலில் குழந்தைகள் மிதிபடாமல் பார்த்துக்கொண்டது என்று வாரக்கணக்கில் நீண்டது. ரைட்டராக இருந்தவர் என்றால் இறந்தவர்களின் விவரங்களை அவர் கையாலேயே எழுதியிருக்கக்கூடும். வீட்டில் வந்து எப்படிச் சொல்வார், அம்மா?

அவருக்குக் கிரிக்கெட் பிடிக்குமா என்று கேளுங்கள். 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் சமமாகி ‘டை’யில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். அந்த ஐந்து நாளும் மைதானத்தின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே பந்தோபஸ்தில் நின்றவர்களில் நானும் ஒருவன். டீன் ஜோன்ஸ் 210 ஓட்டம் எடுத்துவிட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்றால் வெயில் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைதானப் பாதுகாப்பில் நிற்பவர் பார்வையாளர்களைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், ஆட்டத்துக்கு முதுகு காட்டியபடி. மணிந்தர் சிங் கால் காப்பில் வாங்கி ஆட்டமிழந்த கடைசி விக்கெட்டை, எதிரே இருந்த ஆயிரக்கணக்கான முகங்கள் மாறியதைக் கொண்டுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். திரும்பிப் பார்த்த இளைஞர் ஒருவருக்கு அங்கேயே மெமோ கிடைத்தது.

ஆவணங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காவலருக்கும் பணிப்பதிவேடு உண்டு. சேர்ந்த நாள், உயரம், மச்ச அடையாளம், மாறுதல்கள், எடுத்த விடுப்பு, எடுக்காமல் சரண் செய்து பணமாக்கிய ஈட்டிய விடுப்பு, கிடைத்த வெகுமதி, பெற்ற தண்டனை எல்லாம் அதில் இருக்கும். அவர் கடைசியாகப் பணியாற்றிய அலகின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைத்து அம்மாவின் பெயரில் விண்ணப்பியுங்கள். வெகுமதிப் பக்கத்தைக் கவனமாகப் படியுங்கள். 50 ரூபாய், 100 ரூபாய் என்று சிறிய தொகைகளாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த வழக்குக்காக என்று குற்ற எண் இருக்கும்.

இரவு ரோந்தையும் விட்டுவிடாதீர்கள். தெருமுனைகளிலும் கோவில்களிலும் வங்கிகளிலும் பட்டா புத்தகம் என்ற ரோந்துக் கையெழுத்துப் புத்தகம் வைத்திருப்பார்கள். ரோந்து போகிறவர் அந்தந்த இடத்துக்குப் போய் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும், பின்னால் வரும் அதிகாரி அதைத் தணிக்கை செய்வார். மிதிவண்டியில் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் திருவல்லிக்கேணிச் சந்துகளைச் சுற்றி வந்த ஒருவர் காலையில் வீட்டுக்கு வந்து தூங்கும்போது, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டிருப்பார்கள். எங்களுக்கு வார விடுமுறை என்பது காகிதத்தில்தான் இருந்தது. காவலர்களுக்கு வார ஓய்வு கட்டாயம் தரப்பட வேண்டும் என்று அரசாணை வந்தது 2021இல். பிறந்த நாளுக்கும் திருமண நாளுக்கும் விடுப்பு கொடுக்க வேண்டும் என்று காவல் துறைத் தலைமை இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பியதும் அதே ஆண்டில்தான். உங்கள் அப்பா ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டு கழித்து வந்த சலுகைகள் அவை. மலரில் இதை ஒரு வரியாவது எழுதுங்கள், ஏனென்றால் அவர் வராமற்போனதற்கு அவருடைய மனம் காரணம் என்று பேரப்பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது.

பதில்: கொண்டித்தோப்பு லைனில் (காவலர் குடியிருப்பில்) வளர்ந்த ஆசிரியை

சகோதரி, நானும் தலைமைக் காவலரின் மகள். ஆய்வாளர் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவர் சொன்னபடி செய்தால் மலர் முழுவதும் நகரத்தின் வரலாறாகப் போய்விடும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. உங்கள் அம்மாவைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லையே என்றுதான் எழுத வந்தேன்.

லைன் வீட்டுப் பெண்களுக்கு என்று எழுதப்படாத நடைமுறை ஒன்று இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெளியே கிளம்புகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்க மாட்டார்கள். எங்கே கலவரம் என்று செய்தி வந்தாலும், முதலில் எல்லோரும் வானொலி இருக்கும் வீட்டில் கூடுவார்கள். யார் வீட்டு ஆள் எந்த இடத்தில் என்ற விவரம் ஆயுதப்படை அலுவலகத்திலிருந்து வாய்மொழியாக வந்து சேரும் வரை அடுப்பு எரியாது. பிள்ளைகளுக்கு மட்டும் ஏதாவது ஒரு வீட்டில் சோறு வடித்து எல்லோருக்குமாகப் போடுவார்கள். யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும், ஆண்கள் இல்லாமலேயே அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் நடத்தி முடித்தார்கள். உங்கள் அப்பா இல்லாத நாட்களில் உங்கள் வீட்டில் இருந்தது யார் என்ற கேள்விக்கும் மலரில் பதில் இருக்க வேண்டும்.

சீருடையையே எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா சோறு வடித்த கஞ்சியை எடுத்து வைத்துக் காக்கிக்குப் போடுவார். கரிப்பெட்டியால் கால்சட்டைக்கு மடிப்பு வைக்கும்போது அந்தக் கோடு இரண்டாகப் பிரியக் கூடாது. பிரிந்தால் அணிவகுப்பில் அப்பாவுக்குத் திட்டு விழும். இடைவாரின் பித்தளைப் பக்கிளுக்குப் பிராசோ தேய்க்கும்போது வாரில் வெள்ளைக் கறை படியாமலிருக்க, பக்கிளுக்கும் வாருக்கும் நடுவே பழைய காலண்டர் அட்டையைச் செருகி வைத்துத் தேய்ப்பார். அந்த அட்டையில் பக்கிளின் வடிவம் கறுப்பாகப் பதிந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலை அணிவகுப்பு என்றால் வியாழன் இரவு எங்கள் வரிசை முழுவதும் பிராசோ வாசனைதான். ஊரார் மதித்த அந்த மிடுக்கில் பாதி என் அம்மாவின் கையால் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே உங்கள் அம்மாவுக்குத் தனியாக ஓர் அத்தியாயம் கொடுங்கள். “இல்லத்தரசி” என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். கைப்பேசியில் பதிவு செய்து, அவர் பேசுகிறபடியே எழுதுங்கள். பெரிய கேள்விகளாகக் கேட்டால் பதில் வராது. சம்பளத்தை என்ன செய்தார், எத்தனை மணிக்குச் சாப்பாடு கட்டினீர்கள், எந்த மாறுதலின்போது அழுதீர்கள், அவர் யாரைப் பற்றியாவது வீட்டில் கோபப்பட்டதுண்டா என்று சிறுசிறு கேள்விகளாகக் கேளுங்கள். என் தந்தைக்கு மலர் போட்டபோது, ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து வாங்கிய பணத்தில்தான் எங்கள் பள்ளிக் கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் கட்டப்பட்டது என்பதை அம்மா சொல்லித்தான் முதன்முறையாகத் தெரிந்துகொண்டேன். விடுப்பு எடுத்து எங்களோடு இருந்திருக்கலாமே என்று நாங்கள் மனக்குறைப்பட்ட நாட்கள்தாம் எங்கள் படிப்பாக மாறியிருந்தன.

படம் இல்லையே என்ற கவலைக்கும் ஒரு வழி இருக்கிறது. எழும்பூரில் இருந்த பழைய ஆணையர் அலுவலகக் கட்டடம் 2021 முதல் காவல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய சீருடைகள், தொப்பிகள், இலச்சினைகள், ஆயுதங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தாத்தா சேர்ந்த காலத்தில் என்ன அணிந்திருந்தார் என்பதை அவர்களே பார்க்கலாம்.

பதில்: எழும்பூர் நீதிமன்றத்தில் தொழில் செய்த மூத்த வழக்கறிஞர்

நான் குற்றவியல் வழக்குகளில் எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின், தரப்பில் வாதாடியவன். காவலர்களைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வது என் தொழிலாக இருந்தது. அந்த இடத்திலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாவது சற்றுக் கசப்பானது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, உங்கள் தந்தையின் நோட்டுப் புத்தகங்கள். காவல் நிலையத்தில் பொது நாட்குறிப்பு என்று ஒரு பதிவேடு உண்டு. யார் வந்தார், யார் போனார், எந்தப் புகார் எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் காவலர் எந்தப் பணிக்கு எத்தனை மணிக்குப் புறப்பட்டார் என்று எல்லாமே மணி வாரியாக அதில் ஏறும். வழக்குரைஞர்களாகிய நாங்கள் முதலில் கை வைப்பது அந்த நேரங்களில்தான். புகார் பெற்ற நேரமும் முதல் தகவல் அறிக்கை நடுவரிடம் போய்ச் சேர்ந்த நேரமும் இடித்தால், அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு வழக்கையே ஆட்டிவிடுவோம். நல்ல ரைட்டர் அந்த இடைவெளியை விட மாட்டார். அப்படிப்பட்டவர் எழுதிய வழக்குகளில் எனக்கு வேலை கடினமாக இருந்தது, அதற்காக அவர்களை உள்ளூர மதித்தேன். 7.35க்குப் பேரன் புறப்பட்டான், 16.20க்குச் சிராய்ப்போடு திரும்பினான் என்று ஒருவர் எழுதுகிறார் என்றால், நிலையத்தில் ஊரார் உயிருக்கும் உடைமைக்கும் காட்டிய அதே கவனத்தை வீட்டுக்கும் காட்டியிருக்கிறார். நீங்கள் அதைச் சுருக்கவோ திருத்தவோ செய்யாமல், அவர் கையெழுத்திலேயே சில பக்கங்களைப் படியெடுத்து மலரில் சேருங்கள். பணியில் இருந்தபோது அவர் எப்படி எழுதியிருப்பார் என்பதற்கு அதைவிட நெருங்கிய சான்று உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாவது, லத்தி. காவலர் ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது, அவர் கையில் அரசு கொடுத்திருந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கண்டிப்பானவர் என்று மலர்களில் எழுதுகிறார்கள். யாரிடம் கண்டிப்பு, எப்படிக் கண்டிப்பு என்று எழுதுவதில்லை. அந்தச் சொல்லைப் படிக்கும்போது, காவலில் அடிபட்டு என் அலுவலகத்துக்கு வந்தவர்களின் முகங்கள் எனக்குத் தோன்றிவிடுகின்றன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் கைது நெறிமுறைகளை வகுத்தது. கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையொப்பம் பெற வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்து நிலையங்களின் சுவரில் எழுதப்பட்டன. சுவரில் எழுதியதை நடைமுறையில் செய்தவர்களும் உண்டு, செய்யாதவர்களும் உண்டு. உங்கள் தந்தை எந்தப் பக்கம் நின்றார் என்று அவருடன் பணியாற்றியவர்களிடம் கேளுங்கள். பதில் முழுக்க இனிப்பாக இருக்காது என்றாலும் கேளுங்கள். தண்டனை ஏதும் பெற்றிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நல்லது மட்டும் எழுதிய மலரைப் படிக்கிறவர் அதிலுள்ள நல்லதையும் நம்புவதில்லை என்பது என் அனுபவம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் நன்றி. உங்கள் பதில்களைப் படித்துவிட்டு அம்மாவிடம் சில மாலைகள் உட்கார்ந்து கேட்டேன். ஆசிரியை அக்கா சொன்னபடி சிறு கேள்விகளாகத்தான் கேட்டேன். இத்தனை ஆண்டு பேசாதவர் தாமாகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆய்வாளர் ஐயா யூகித்தது சரி, விருந்து நாள் 2004 டிசம்பர் 26தான். அன்று பட்டினப்பாக்கம் கரைக்குப் போனவர் மூன்றாம் நாள்தான் வீடு வந்தாராம். வந்ததும் கிணற்றடியிலேயே குளித்துவிட்டு, சாப்பிடாமல், என் தம்பியை எழுப்பிப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாராம். தம்பிக்கு அப்போது பதினேழு வயது. அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

அந்தத் தம்பி பிறந்தது 1987 டிசம்பர் 25 அதிகாலை. முந்தின நாள்தான் எம்.ஜி.ஆர். மறைந்திருந்தார். கடைகள் சூறையாடப்பட்டு, பேருந்துகள் நின்று, நகரம் முழுவதும் அடைத்துக் கிடந்தது. அப்பா ராஜாஜி மண்டபத்துப் பந்தோபஸ்தில் இருந்தார். அம்மாவுக்கு இரவில் வலி எடுத்தபோது, லைனில் இருந்த நான்கு பெண்கள் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவை இழுத்து வந்து, ஓட்டுபவர் இல்லாமல் தாங்களே தள்ளிக்கொண்டு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். வழியில் ஒரு கும்பல் மறித்திருக்கிறது. பிரசவம் என்று தெரிந்ததும் அவர்களில் இரண்டு பேர் மருத்துவமனை வாசல் வரை கூடவே வந்து தள்ளிவிட்டுப் போனார்களாம். தலைவரை இழந்து அழுதுகொண்டே தள்ளினார்கள் என்று அம்மா சொன்னார். அப்பாவுக்கு மகன் பிறந்த செய்தி எப்படிப் போயிற்று என்று கேட்டேன். நல்லடக்கம் முடிந்து மெரினாவிலிருந்து திரும்பிய வண்டியில் இருந்த இன்னொரு காவலர், லைனுக்கு வந்து தெரிந்துகொண்டு திரும்பப் போய்ச் சொன்னாராம். அந்த நான்கு பெண்களில் இருவர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களையும் சந்தித்து எழுதப்போகிறேன். லைனின் பெண்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு.

வழக்கறிஞர் ஐயாவின் கேள்வியை வீட்டில் எடுப்பதற்கு எனக்குத் தயக்கமாக இருந்தது, ஆனால் எடுத்தேன். தம்பியும் நானும் அப்பாவுடன் நீண்ட நாள் ஒரே நிலையத்தில் இருந்த மூத்தவர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். கூட்டத்தைக் கலைக்க உத்தரவு வந்தபோது அப்பாவும் தடி வீசியிருக்கிறார், அதை இல்லை என்று சொல்ல முடியாது என்றார். நிலையத்துக்குள் விசாரணைக்கு வந்தவர் மீது கை வைத்ததில்லை என்றும், ஆனால் மற்றவர்கள் அடித்தபோது தடுக்கும் இடத்தில் ஒரு ரைட்டர் இருக்க முடியாது என்றும் சொன்னார். அப்பா செய்தது ஒன்றே ஒன்றுதானாம். யாரைக் கொண்டுவந்தாலும், அதிகாரி சொல்லக் காத்திராமல், அந்த ஆளின் வீட்டு முகவரியைக் கேட்டுத் தபால் காவலரிடம் கொடுத்து உறவினருக்குச் சேதி அனுப்பிவிடுவாராம். அதற்காக ஒருமுறை உயர் அதிகாரி ஒருவரிடம் எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கியதும் உண்டாம். மூன்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதப்போகிறேன். இதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

தண்டனையும் ஒன்று இருந்தது. நீதிமன்றத்துக்கு வழிக்காவலில் அழைத்துப்போன கைதி கூட்டத்தில் தப்பிவிட, அப்பாவுக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டுதான் அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை மலரில் போடலாமா என்று கேட்டேன். “போடு, வளையலை மீட்டதையும் சேர்த்துப் போடு” என்றார் அம்மா.

கிரிக்கெட் பற்றியும் கேட்டேன். எட்டு வயதில் பள்ளியில் எல்லோரிடமும் என் அப்பா சேப்பாக்கத்தில் அந்த ஆட்டத்தை ஐந்து நாளும் பார்த்தார் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் மறுத்ததே இல்லை. கேட்ட பிள்ளைகளுக்கு யார் எப்படி ஆடினார் என்று விவரித்தும் சொன்னார். மறுநாள் நாளிதழைப் படித்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. தண்டனையை எந்தச் சொற்களில் எழுதுவது? பணிப்பதிவேடு வருவதற்குள் மலர் அச்சுக்குப் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர், அயனாவரம்

அம்மா, பதிவேடு வரும் வரை காத்திருங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வரவில்லை என்றால் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், நான் வரைவு தயாரித்துத் தருகிறேன். ஊதிய உயர்வு நிறுத்தத்தில் இரண்டு வகை உண்டு. பின்வரும் உயர்வுகளையும் பாதிக்கிற வகை ஓய்வூதியம் வரை தொடரும், பாதிக்காத வகை அந்த ஓராண்டோடு முடிந்துவிடும். உங்கள் அப்பா பெற்றது எது என்பது ஆணையில் தெளிவாக இருக்கும். ஆணை எண், தேதி, அதில் உள்ள சொற்கள் ஆகியவற்றை அப்படியே எடுத்து எழுதுங்கள், உங்கள் விளக்கத்தைக் கீழே தனியாகக் கொடுங்கள். கைதி பிறகு பிடிபட்டாரா, பிடித்தவர்களில் உங்கள் அப்பாவும் இருந்தாரா என்பதை வெகுமதிப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். பல நேரங்களில் தண்டனைக்கு அடுத்த சில மாதங்களிலேயே அதே குற்ற எண்ணுக்கு வெகுமதியும் பதிவாகியிருக்கும். சேப்பாக்கம் பக்கத்தையும் சுனாமிப் பக்கத்தையும் அச்சுக்கு முன் எனக்கு அனுப்பிவையுங்கள். பணி அமைப்பு பற்றிய விவரங்களைச் சரிபார்த்து இரண்டு நாளில் திருப்பி அனுப்புகிறேன்.